பகலில் மூடிய திரை

நான் பிறந்தது ஒரு தீவில். அங்கிருந்த கலங்கரை விளக்கத்தில் முதலில் தேங்காய் எண்ணெய்த் திரிதான் எரிந்ததாம். பிறகு மண்ணெண்ணெய் விளக்கும், அதைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடி வில்லைகளும் வந்தன. அதற்கப்புறம்தான் அப்பா அங்கே விளக்கேற்றும் வேலையில் சேர்ந்தார். விடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நாலாபுறமும் திரையை இழுத்து மூடுவார். வெயில் வில்லையில் பட்டுக் குவிந்தால் தீப்பிடித்துவிடும். மாலையில்தான் திரை விலகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கணவருக்குச் சுரங்கத்தில் பகல் வேலை. அவர் கிளம்பியதும் என் கை தானாகப் போய் ஜன்னல் திரைகளை மூடிவிடும். ஓராண்டு ஓடியது, ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தீவில் எங்களைத் தவிர மூன்றே குடும்பங்கள். அங்கேகூட நான் இப்படித் தனியாக இருந்ததில்லை. மனுஷ வாடையே பிடிக்காத ஊர் என்று சுவரைப் பார்த்துத் திட்டுவேன்.

ஒருநாள் பால் வாங்கும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "உங்க வூட்டுக்காரருக்கு எப்பவும் நைட் ஷிப்ட்தானாங்க? பகல்ல ஸ்கிரீன் போட்டுக்கினே இருக்கீங்க. தூங்குறவர எழுப்பக் கூடாதுன்னுதான் நாங்க யாரும் வர்றதில்ல."

அந்த ஊரில் பகலில் மூடிய திரைக்கு அதுதான் அர்த்தம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாராவது வந்திருந்தால்தானே?

மறுநாள் திரையைத் திறந்தே வைத்தேன். வெயில் சிமெண்ட் தரை முழுக்க விழுந்தது; எதுவும் தீப்பிடிக்கவில்லை. மத்தியானம் அவள் பலாச்சுளையோடு வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கணவரை நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். விடிந்ததும் திரையை நானே இழுத்து மூடினேன்.