ஜவ்வும் தோலும் படுத்தும் பாடு

வலிக்கிறது என்று வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து அனுப்புவதுதான் பிசியோதெரபி என்று எங்கள் ராசிபுரம் பக்கம் ஒரு பேச்சு உண்டு; அந்த வேலையையே செய்கிறவள் என்பதால் சொல்கிறேன், அதில் பாதி உண்மை. எலும்பையும் சதையையும் எல்லோருக்கும் தெரியும். அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஜவ்வையும் நாரையும் அவை மக்கர் செய்யும்வரை யாரும் நினைப்பதில்லை. காலையில் குதிகாலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

மேலே ஏறாத கை

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், போர்வெல் ரிக் வண்டி டிரைவர். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டையைக்கூட மனைவிதான் மாட்டிவிட்டார். "ஒரே நாள்ல சரி பண்ணிடுங்க மேடம், வண்டி கெளம்போணும்" என்றார். தோள்மூட்டைச் சுற்றியிருக்கிற உறை சுருங்கி இறுகிவிட்டது, மாதக்கணக்கில் பொறுமையாகத்தான் நீட்ட வேண்டும் என்றேன்.

சுவரில் விரல்களை நண்டு ஊர்வதுபோல் மேலே ஏற்றச் சொன்னேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, மனிதர் முனகவில்லை. வெளியூரில் போர் போடும்போதும் வண்டித் தகரத்திலேயே விரலை ஏற்றிப் பழகினார். கை நெற்றிவரை எழுந்த அன்று தலையைத் தானே சீவிக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்க மேடம், லாரியில ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் அடிக்க ஓட்டை வெச்சிருக்கான், மனுசனுக்கு மட்டும் வெக்காம உட்டுட்டாருங்களே அந்தச் சாமி!"

ரப்பர் பொண்ணு

வாழப்பாடியிலிருந்து வந்த சுகன்யா கல்லூரிக் கபடி அணியில் இருந்தாள். கட்டைவிரலை மடக்கி முன்கையில் படுக்க வைப்பாள். தோழிகளுக்கு அது வேடிக்கை. ஆனால் யாராவது கையைப் பிடித்து இழுத்தாலே தோள்மூட்டு நழுவியது. 'ஆடப் பயந்து நடிக்கிறாள்' என்று அணியில் பேச்சு. பிறவியிலேயே ஜவ்வு தளர்ச்சி, பிடித்து இழுக்கும் ஆட்டம் இனி வேண்டாம் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் என் அறையில் அழுது தீர்த்தாள். மறுநாளே வந்து, "ஜவ்வு புடிக்காட்டி சதை புடிக்கட்டும், சொல்லிக்குடுங்க அக்கா" என்றாள். வேடிக்கை காட்டுவதை விட்டாள். ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தோளை உரமேற்றினாள். தோள் நழுவுவது வெகுவாகக் குறைந்தது. பிறகொரு நாள் நடுவர் தேர்வில் தேறிய செய்தியோடு வந்தாள். "ஆடத்தானே அக்கா கூடாதுன்னாங்க, விசில் ஊதக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!"

ஒரு வாய்ச் சோறு

குமாரபாளையத்து மல்லிகா விசைத்தறியில் அறுந்த இழை முடிகிறவர். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து நீலம் பாயும். பிறகு தோல் தடித்து இறுகி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பக்கத்துத் தறிக்காரர்கள் தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைத்தார்கள். உடம்பு தன் நாரையே அளவுக்கு மீறி நெய்துகொள்கிற நோய், யாருக்கும் ஒட்டாது என்று அவர் கணவரை வைத்துக்கொண்டு விளக்கினேன். அடுத்த வாரம் கணவர் தறிக்கூடத்துக்கே போய் எல்லோர் முன்னாலும் மனைவியின் செம்பில் தண்ணீர் குடித்தாராம்.

வாயும் சுருங்கிக்கொண்டே வந்தது. சோற்று உருண்டை நுழையாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி விரல் நீட்டவும், கண்ணாடி முன் வாயை அகலத் திறக்கவும் பழக்கினேன். "இவளுக்குப் பேய் புடிச்சிருச்சா?" என்று அண்டை வீட்டில் கேட்டார்களாம். இவர் ஒரு நாளும் விடவில்லை. நோய் போகவில்லை, இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. தம்பி மகள் கல்யாணம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "முழு லட்டு இன்னும் நுழையலீங்க மேடம், பிட்டுப் பிட்டுத்தான் தின்னேன், ஆனா பந்தியில, எல்லார்த்துக்கும் நடுவால உக்காந்து தின்னேனுங்க."

மாவுக்கட்டுப் போட்டவருக்கு ஊரே எழுந்து பஸ்ஸில் இடம் தருகிறது, ஜவ்வும் தோலும் கெட்டவருக்கோ "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்பதைக் கேட்டுக்கொண்டே நின்று பயணம் செய்ய ஒரு தனித் தெம்பு வேண்டியிருக்கிறது.