எங்கே கடிக்கிறது?

போன திங்கட்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிக்குள், பதினோரு பேர் என்னிடம் எதையாவது விற்கப் பார்த்தார்கள். எண்ணினேன். ஏழு பேர் போனில். இரண்டு பேர் வாசலில். ஒருவர் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி, கேட்காமலேயே என் மடியில் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். பதினோராவது ஆள் என் சொந்த மைத்துனர். இன்சூரன்ஸ்.

அத்தனை பேரும் நன்றாகப் பேசினார்கள். போனில் வந்த ஏழு பேரும் 'நல்லா இருக்கீங்களா சார்' என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் பதிலுக்கு யார் காத்திருந்தார்கள்? 'முழங்கால் வலி' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லோன் வந்துவிட்டது.

ராத்திரி படுக்கும்போது எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்தது. இந்த வாரம் எழுதுவது அவரைப் பற்றித்தான்.

ஏழுமலை எங்கள் செஞ்சி பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடைக்கு போர்டு கிடையாது. உட்கார மூன்று ஸ்டூல். ஒரு கண்ணாடி... அதுவும் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தது. அதில் முகம் தெரியாது. கால்தான் தெரியும்.

வைகாசியில் ஒரு நாள் அங்கே போனோம். நானும் என் மனைவி சரோஜாவும். அவலூர்பேட்டையில் அவள் தம்பி பேத்திக்குக் காது குத்து. பத்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டைவிட்டு ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பினோம். நடை பன்னிரண்டு நிமிஷம், செருப்புக்குப் பதினைந்து, பூவும் பழமும் வாங்க எட்டு, கையிருப்பு பதினைந்து. என் மனக்கணக்கு இப்படித்தான் ஓடும். முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவன். அளக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

கடைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன் — ஆறாம் நம்பர், கறுப்பு, பத்து நிமிஷம். சரோஜாவின் கால் அளவு என் டைரியில் இருக்கிறது. வருஷா வருஷம் புது டைரியில் எடுத்து எழுதிவிடுவேன். திரும்ப அளந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஏழுமலை ஆறாம் நம்பரை எடுத்து, குனிந்து, அவள் காலில் தானே மாட்டிவிட்டார். மற்ற கடைகளில் இந்த இடத்தில் என்ன கேட்பார்கள்? 'நல்லா இருக்குதாம்மா?' என்று கேட்பார்கள். நாமும் கூச்சத்தில் 'ம்' என்போம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நொண்டுவோம். இவர் அப்படிக் கேட்கவில்லை.

"எங்கம்மா கடிக்குது?" என்றார்.

சரோஜா இரண்டடி நடந்து பார்த்து, எங்கேயும் கடிக்கவில்லை என்றாள்.

எனக்குத் திருப்தி. ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த மனுஷனுக்குத் திருப்தி இல்லை. இன்னொரு மாடலை எடுத்து மாட்டினார். அதே கேள்வி. அதே பதில். மூன்றாவதாக ஒரு ஜோடி. அதைப் போட்டதும் வார் அழுத்தி, சுண்டுவிரல் பக்கம் தோல் வெளுத்துப்போனது எனக்கே தெரிந்தது. சரோஜா நல்லாருக்குது, இதையே எடுத்துக்கலாம் என்றாள்.

"யம்மா, இது அஞ்சாம் நம்பரு," என்றார் ஏழுமலை. வேண்டுமென்றேதான் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. புதுச் செருப்பை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் கழற்றிப் போட்ட பழைய செருப்பைக் கையில் எடுத்தார். உள்பக்கம் விரலால் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. குறடை எடுத்து, அடியிலிருந்து எதையோ பிடித்து இழுத்தார். வேல முள். நகத்தளவுதான். அதன் முனை செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பழுப்பாக ஒரு கறை.

சரோஜாவின் இடது காலைத் தூக்கிப் பார்த்தோம். சுண்டுவிரலுக்கு அடியில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு புண். ஓரம் கறுத்திருந்தது. எத்தனை நாளாக? அவளுக்குத் தெரியாது. வலித்தால்தானே தெரியும்?

ஏழுமலை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சார், இன்னிக்கு உங்களுக்குச் செருப்பு விக்க மாட்டேன். அம்மாவ நேரா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செருப்பு கேட்டு வந்தால் செருப்பு கொடுக்க வேண்டியதுதானே, ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போய்க்கொள்கிறோம், பத்து நாற்பதுக்கு பஸ் என்று சொல்லி வாட்சைக் காட்டினேன். பக்கத்து ஸ்டூலில் காத்திருந்த ஒருவர், இந்த வழக்கு முடியாது என்று எழுந்து போய்விட்டார். அந்த வியாபாரமும் போனது. ஏழுமலை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் குரலை உயர்த்தவும் இல்லை.

"எங்க நைனாவும் எங்கயும் கடிக்கலன்னு தான் சார் சொன்னாரு. நானும் வித்தேன்... சொந்த அப்பனுக்கு. ரெண்டு வெரல எடுத்த பின்னாடி தான் எனக்குத் தெரிஞ்சிது, கேட்டா மட்டும் பத்தாதுன்னு."

அதற்குப் பிறகு நான் வாட்சைப் பார்க்கவில்லை. அன்று எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம் என்பது என் டைரியில் இல்லை. நான் எழுதாமல் விட்ட ஒரே நேரம் அதுதான்.

அவரே ஆட்டோவை நிறுத்தினார். முள் குத்திய செருப்பைத் திரும்பப் போட விடவில்லை. மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்றைக் கொடுத்து, இது விற்பதற்கு இல்லை, ஆஸ்பத்திரி வரைக்கும் என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. சரோஜாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்று 'ம்'தான் வந்தது. ஏழு இடத்தில் அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடுவார்கள் என்று காத்திருந்தாள்.

சரோஜாவுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை நான்தான் எண்ணிக் கொடுப்பேன். ஒரு வேளை தவறியதில்லை. ஆனால் உடம்பு என்பது மாத்திரை டப்பா மட்டும் இல்லையே.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சிங்கவரம் ஞாபகம் வந்தது. பங்குனியில் மலைக்கோவிலுக்குப் போயிருந்தோம். உச்சி வெயில். பாறை கொதிக்கிறது. எல்லாரும் குதித்துக் குதித்துப் படி ஏறுகிறார்கள். நானும்தான். குதித்ததில் படிகளை எண்ணினால், ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு. சரோஜா மட்டும் ஏதோ கூடத்தில் நடப்பதுபோல நிதானமாக ஏறினாள். பக்தி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அது பக்தி இல்லை. காலுக்குச் சூடு தெரியவில்லை. செஞ்சியைச் சுற்றி எத்தனையோ வயலின் எல்லையை அளந்து கல் நட்டவன், கூடவே நடந்து வந்த இரண்டு பாதத்தைக் குனிந்து பார்க்கவில்லை.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க ஐயா. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா, வெரலப் பத்திப் பேசிட்டு இருப்போம்."

இருபத்து மூன்று நாள் கட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் துணியைப் பிரிக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். சரோஜாதான், இப்படித் திரும்புங்க, கறுப்பு போயிடுச்சு என்பாள். காது குத்துக்குப் போகவில்லை. அவள் தம்பிக்கு வருத்தம். இருக்கட்டும். பிள்ளைக்கு இன்னொரு காது குத்து கிடையாது என்றாலும் இன்னும் எத்தனை விசேஷம் இருக்கிறது. இருபத்து மூன்றாம் நாள் டாக்டரம்மா புண் ஆறிவிட்டது என்றார். ஆனால் போன உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, இனி காலுக்குப் பதில் கண்தான் வேலை செய்ய வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகுதான் ஏழுமலையிடம் திரும்பப் போனோம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டதோடு சரி.

சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற அடி வைத்த செருப்பு ஒன்று இருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். அது தன் கடையில் இல்லை என்று அவரே சொன்னார். இருப்பதில் எதையாவது தலையில் கட்டியிருக்கலாம், எங்களுக்கென்ன தெரியும்? பாதத்தைத் தாளில் வைத்து வரைந்துகொண்டு, வரவழைத்துத் தருகிறேன், நான்கு நாள் ஆகும் என்றார். நான் வழக்கம்போல ஆறாம் நம்பர் என்றேன். அவர் வரைந்த கோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏழு.

வாங்கிக்கொள்ளச் சாயங்காலம் வரச் சொன்னார். பொழுது சாயும்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்குமாம், அப்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக இருக்குமாம். இது முன்னாடியே எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. போன வாரம் போனோம். இந்த முறை ஏழுமலை சரோஜாவிடம் எங்கே கடிக்கிறது என்று கேட்கவில்லை. சுற்றிலும் தன் விரலை விட்டு இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மொதல் நாளு அரை மணி நேரம் போட்டா போதும் சார். கழட்டின ஒடனே செவந்திருக்குதான்னு பாருங்க. அம்மா காலு இனிமே சொல்லாது. நீங்கதான் பாத்து சொல்லணும்."

எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. அளவு எழுதித்தான் பழக்கம். ஏதோ தடுமாறிவிட்டு, அன்றைக்கு எங்களுக்கு விற்காமல் அனுப்பினீர்களே, உங்களுக்கு நஷ்டம்தானே என்று கேட்டேன்.

ஏழுமலை சிரித்தார். "இன்னா சார் நஷ்டம்? அன்னிக்கு வித்திருந்தா ஒரு ஜோடி. காலு நல்லாருந்தா வருஷத்துக்கு ஒரு ஜோடி. யாவாரம் தெரியாதவன்னு நெனச்சிட்டீங்களா?"

சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மாதமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

விற்பது எப்படி என்று இப்போது பயிற்சி எல்லாம் கொடுக்கிறார்கள். எப்படிப் புன்னகைக்க வேண்டும், எப்படி அவசரப்படுத்த வேண்டும், வேண்டாம் என்பவரை எப்படி மடக்க வேண்டும்... அதெல்லாம் ஒரு முறை விற்பதற்கு உதவலாம். எனக்குத் தெரிந்து ஏழுமலை இதில் எதையும் படித்ததில்லை. ஆனால் வாங்க வந்தவருக்கு எங்கே கடிக்கிறது என்று கேட்கிறார். பதிலை நம்பாதபோது குனிந்தும் பார்க்கிறார். தன்னிடம் இல்லாததை இல்லை என்கிறார்.

இதுவரை பத்தொன்பது பேரை அந்தக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். இன்சூரன்ஸ் மைத்துனர் உட்பட. அவர் செருப்போடு சேர்த்து அந்தக் கேள்வியையும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்தால் நல்லது. யாரும் என்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், வாய் வலிக்கச் சொல்கிறேன். சரோஜா நடக்கிற ஒவ்வொரு அடியும் என்னைச் சொல்ல வைக்கிறது.

இப்போது தினமும் காலை காபி முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. சரோஜா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். நான் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்ப்பேன். கடைசியில் விரல்களை எண்ணுவேன். தேவையே இல்லைதான். ஆனாலும் எண்ணுவேன்.

இன்று காலை அவள் கேட்டாள்: "இன்னாங்க, எத்தினி இருக்குது? சிங்கவரம் படிய எண்ணின மாதிரி எண்ணாதீங்க."

ஒழுங்காகத்தான் எண்ணினேன். ஏறும்போதும் பத்து. இறங்கும்போதும் பத்து.