முள்முருங்கையின் வேர்முடிச்சு

கம்பம்மெட்டு சோதனைச்சாவடியில் எங்கள் ஜீப் நிற்கிறது. காவலர் தூக்குவாளிகளை எட்டிப் பார்க்கிறார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவே நான் மட்டும் ஊர் பார்க்க வந்தவன். பக்கத்தில் இருக்கும் சுருளிப்பட்டி அக்காவின் மடியில் முள்முருங்கைக் கன்றுகள். ஏலச்செடிக்கு நிழல் தரும் மரம். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள்.

“ஏதும் நோயாக்கா?”

“நானும் அப்படித்தான் நெனைச்சேன். எங்க தக்காளி வேருல இப்படி முடிச்சு விழுந்தா செடி போச்சு. அதான் போன வருசம் தோட்டத்துல நட்ட கன்னையெல்லாம் பிடுங்கி எறிஞ்சேன். பெறகுதான் சூப்பர்வைசர் சொன்னாக, காத்துல இருக்க தழைச்சத்தை இந்த முடிச்சுதான் பிடிச்சுக் குடுக்குமாம். இதோட இலை உதுந்து மக்குனா ஏலத்துக்கும் அதான் சாப்பாடாம். இப்ப வீட்டுல நானே வளத்துக் கொண்டுபோறேன்.”

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டுகிறார். உள்ளே ரத்தச் சிவப்பு.

“செவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“நீங்க பிடுங்கிப் போட்ட கன்னுலயும் உள்ள இப்படித்தான் செவப்பா இருந்துச்சா?”

ஜீப் நகர்கிறது. அவர் வேர்களை ஈரச்சாக்கால் மூடுகிறார்.

“அன்னைக்குக் கிள்ளிப் பாக்கணும்னே தோணலையே, தம்பி.”