கண்ணாடி வந்தால்தான் லேசர்

விழுப்புரத்தில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் லேசரால் முடி நீக்குவது என் வேலை. இன்று காலை பார்த்தால், நான் போடும் பாதுகாப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றுக் கண்ணாடி இல்லை.

திண்டிவனத்திலிருந்து வந்த கல்யாணப் பெண் கண்களை மறைக்கும் மூடியை மாட்டிப் படுத்திருந்தாள்.

"கண்ண சுருக்கிக்கினு ஜல்தியா முடிச்சிடும்மா" என்றார் ஓனர் அம்மா.

"மேடம், அந்த வெளிச்சம் ஒருவாட்டி உள்ள போனாலே பார்வை போயிடுங்க. நான் பண்ண மாட்டேன்."

"ரெண்டு வருஷமா பண்ணிக்கினுதானே இருக்க?"

"கண்ணாடி போட்டுக்கினு பண்ணேங்க."

வேலை போய்விடலாம் என்று தெரியும். ஆனாலும் மெஷின் சாவியை உருவி அவர் மேசையில் வைத்தேன்.

கல்யாணப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா சொல்றது சரிதாங்க. கண்ணாடி வரட்டும், நான் அப்புறம் வர்றேன்."

ஓனர் அம்மா என்னை முறைத்துக்கொண்டே சென்னைக்கு போன் போட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு கண்ணாடிகள் வருகின்றன.

வந்ததும், முடி கருகும் புகையை இழுக்க ஒரு மெஷின் கேட்கப்போகிறேன். ஓனர்களை எந்த நேரத்தில் மடக்கினால் வேலை நடக்கும்? அனுபவசாலிகள் கமெண்டில் சொல்லுங்கள்.