தீதி தமிழில் சொன்ன பிழைகள்

இன்று காலை லேப்டாப்பில் டேட்டாபேஸ் மென்பொருளைத் திறந்ததும் ஒரு பிழைப் பெட்டி எழும்பி நின்றது. சர்வரோடு இணைப்பு அறுந்துவிட்டதாம். அதற்குக் கீழேயே என்ன செய்தால் சரியாகும் என்ற யோசனையும், அதைச் செய்து முடிக்க ஒரு பொத்தானும் இருந்தன. அமுக்கினேன். டீ கொதிப்பதற்குள் சரியாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கோ சப்பென்று ஆகிவிட்டது. பிழை வந்தால் யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில் வேலைக்கு வந்தவன் நான்.

கீழே தெருவில் மசாலாப் பொரி விற்கிற ஜால்முரிக்காரர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பொரியில் கடுகெண்ணெய் விழுகிற அந்தக் காரமான வாசனை மாடிவரை வரும். கல்கத்தாவில் இந்த சால்ட் லேக்குக்கு வந்த புதிதில் அது எனக்கு ஆகவே ஆகாது. கோவில்பட்டிக்காரனுக்கு நல்லெண்ணெய் தெரியும், கடலையெண்ணெய் தெரியும். இது தேய்க்கிற எண்ணெயா தின்கிற எண்ணெயா என்றே விளங்கவில்லை. இப்போது அது இல்லாமல் பொரி இறங்காது என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த செக்டார் ஃபைவில் டேட்டாபேஸைப் பராமரிக்கிற வேலை. அது ஒழுங்காக ஓடினால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால்தான் என் ஞாபகம் வரும். அந்தப் புதிதில் என் வரிசையில் எல்லோரும் வங்காளிகள். தங்கமானவர்கள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுவார்கள், எனக்காகக் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். பிறகு ஃபுட்பால் வந்துவிடும், பேச்சு வங்காளத்துக்குத் தாவிவிடும். நான் மீன்முள் எடுப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன். சில நாள் காலையிலிருந்து நான் வாயைத் திறந்தது ஆட்டோக்காரரிடம் இடம் சொல்ல மட்டும்தான். 'வேலை ஜாஸ்தி' என்று வீட்டுக்குச் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் தனியாகக் கிடந்தேன், அவ்வளவுதான்.

அப்படி ஒரு நாள் மேசைப் போன் அடித்தது. ஹவுராவில் தண்ணீர் பம்பு செய்கிற பட்டறை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அங்கே ஸ்டோர்ஸ் கணக்கைப் பார்க்கிற அம்மா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். என் பெயரைக் கேட்டதும் நிறுத்தினார்.

"நீ தமிழாப்பா?"

"ஆமா மேடம்."

"தூர்! முதல்லயே சொல்லப்படாதோ? இங்கிலீஷ்ல திண்டாடிண்டிருக்கேன். மேடமெல்லாம் வேண்டாம், இங்க எல்லாருக்கும் நான் தீதிதான்."

'தீதி' என்றால் வங்காளத்தில் அக்கா. 'தூர்' என்பது வங்காளிகள் அலுத்துக்கொள்கிற சொல். அதைத் தமிழுக்கு நடுவில் கேட்டதும் சிரித்துவிட்டேன். எத்தனை நாள் கழித்துச் சிரித்தேனோ!

பெயர் வைதேகி. தாத்தா காலத்திலேயே கல்கத்தா வந்து லேக் கார்டன்ஸ் பக்கம் தங்கிவிட்ட குடும்பம். கணவர் வங்காளி. பையன் சண்டை போடுவதுகூட வங்காளத்தில்தானாம். அப்பா காலமான பிறகு வீட்டில் தமிழ் பேச ஆள் கிடையாது. இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை, ஒவ்வொரு பிழைக்கும் கொஞ்சமாகச் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் படிக்கச் சொல்ல வேண்டும், ஒரு எண் மாறினால்கூட மருந்து மாறிவிடும். தீதியிடம் அது நடக்கவே இல்லை. நான் தமிழ் என்று தெரிந்த அன்றிலிருந்து, திரையில் இருப்பதைத் தமிழில் மாற்றித்தான் சொல்வார். தமிழ்க்காரனிடம் அதுதான் மரியாதையாம். "உன்னை யாருன்னே தெரியாதுங்கறதுப்பா" என்றால் பாஸ்வேர்டு தவறு. "ஆள் உள்ள இருக்கா, கதவைத் திறக்கமாட்டேங்கறா" என்றால் சர்வர் இருக்கிறது, டேட்டாபேஸ் ஓடவில்லை. "வேற யாரோ கையில வெச்சிண்டு விடமாட்டேங்கறா" என்றால் அந்தப் பதிவை இன்னொருவர் பூட்டி வைத்திருக்கிறார்.

"தீதி, இங்கிலீஷ்ல உள்ளத அப்படியே வாசிங்களேன்."

"அதைத்தானே சொல்றேன்? அது பேசற இங்கிலீஷ் யாருக்குப் புரியும்!"

ஒரு தடவை "இடமே இல்லைங்கறது" என்றார். டிஸ்க் நிரம்பிவிட்டதென்று பதறிப்போய், பழைய கோப்புகளைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் டிஸ்க் பாதி காலி. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் நிரம்பியிருந்தது. "நானும் அதைத்தானே சொன்னேன், பஸ்ல இடமில்லைங்கற மாதிரி!" என்று என்னையே திட்டினார்.

அடிக்கடி வந்தது வேறொன்று. "பாதிப் பேச்சுல எழுந்து போயிடுத்துப்பா." காலையில் திரையில் திறந்த மென்பொருள் ஜன்னலைத் தீதி மாலைவரை மூட மாட்டார். குடோனில் சரக்கு பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, ஆற அமர வந்து பொத்தானை அமுக்குவார். அதற்குள், இங்கே யாரும் பேசவில்லையே என்று நடுவில் காவல் நிற்கும் ஃபயர்வால் இணைப்பை அறுத்திருக்கும். மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். அதைச் சொல்ல எத்தனை நேரமாகும்? மீதி நேரமெல்லாம் பேச்சுத்தான். என்ன சாப்பிட்டே, மழைக்கு ரூம்ல ஒழுகறதா, ரசம் வெச்சேன், எங்காத்துல ஒருத்தர் தொடலை. அந்தப் போன் வராத நாளில் எனக்குக் கை ஓடாது. ரிசீவர் சரியாக வைத்திருக்கிறதா என்று எடுத்துப் பார்த்ததும் உண்டு. சிரிக்காதீர்கள்.

மேலதிகாரி அனிர்பன் தாவுக்கு, அதாவது அனிர்பன் அண்ணனுக்கு, இது பொறுக்கவில்லை. ஒரே பிழைக்குத் தினம் போனா, காரணத்தைப் பிடித்து ஒரேயடியாக முடித்துவிடு என்றார். நியாயம்தான். இணைப்பு சும்மா இருக்கும்போதும், 'இருக்கிறேன்' என்று கம்ப்யூட்டர் நடுநடுவே ஒரு சின்னத் தகவல் அனுப்பும்படி செய்தால் போதும். ஒரே ஒரு வரி. எழுதினால் போனும் நின்றுவிடும் என்று தெரியும். சம்பளம் வாங்குகிறோமே, என்ன செய்ய? எழுதினேன்.

போன் நின்றுவிட்டது. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அடித்தபோது தாவி எடுத்தேன்.

"என்ன தீதி, எழுந்து போயிடுச்சா?"

"இல்லப்பா. இப்பல்லாம் போறதே இல்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார். "சரி, உனக்கு வேலையிருக்கும்." வேலை ஒன்றுமில்லை என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அதோடு ஆபீசில் புது ஏற்பாடு வந்தது. புகார் எதுவானாலும் இணையப் பக்கத்தில்தான் பதிய வேண்டும். மேசைப் போன்களையெல்லாம் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். தீதியின் கைபேசி எண்ணை நான் கேட்டதில்லை. வயதில் பெரியவர், எப்படிக் கேட்பது என்ற கூச்சம். பட்டறைக்குக் கூப்பிடலாம், எடுப்பவர் என்ன விஷயம் என்பார். விஷயம் ஒன்றும் இல்லையே.

அவரிடமிருந்து கடைசியாக வந்தது ஒரு புகார். பெயரைப் பார்த்ததும் ஆவலோடு திறந்தேன். யார் படிக்கப்போகிறார்கள் என்பதை அந்தப் பக்கம் காட்டாது. அதனால் 'அன்புள்ள ஐயா அல்லது அம்மையீர்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிழைச் செய்தியை எண்ணோடு சேர்த்து அப்படியே ஒட்டியிருந்தார். முதல் வரியிலேயே கோளாறு தெரிந்துவிட்டது, திருப்பிக் கேட்க எதுவுமே இல்லை. சரிசெய்து 'முடிந்தது' என்று குறித்தேன். சேவை எப்படியிருந்தது என்று அந்தப் பக்கமே அவரிடம் கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதற்குக் கீழே கருத்து எழுத ஒரு கட்டம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தது. கட்டம் காலியாக இருந்தது.