ஜன்னலுக்கு வெளியே அம்மா

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் மலையாள நாட்டோடு இருந்த காலம். இரணியல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு, என் தங்கை மூன்றாம் வகுப்பு.

வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். பாய்ந்து கடிப்பாள், சடையைப் பிடித்து இழுப்பாள். பிறகு பெஞ்சுக்கடியில் சுருண்டு நடுங்குவாள். வாத்தியார் பிரம்பை எடுத்தால் பாவாடை நனைந்துவிடும். அதற்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுபடியும் கடி. என்னைக் கூப்பிட ஆள் வரும்.

"பேடியா இருக்குக்கா" என்று என்னைக் கட்டிக்கொள்வாள். எதற்குப் பயம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

திமிர் என்றார்கள் சிலர். ஏதோ பிடித்திருக்கிறது என்றார்கள் வேறு சிலர். அப்பா திருவட்டாறு கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தொழவைத்தார். கையில் மந்திரித்த கயிறும் கட்டினார். ஒன்றும் மாறவில்லை.

அம்மாதான் ஒரு வழி கண்டாள். வேலையெல்லாம் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே அவள் சேலை தெரியும். அந்த மாதம் தங்கை யாரையும் தொடவில்லை. வாய்ப்பாடுகூடச் சத்தமாகச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது.

"நாளைக்கு மட்டும் நீங்க இங்க இருக்காண்டாம். அவரு பாத்தா மோசமாட்டு இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.

"ஒரு நாளைக்குத்தானே மக்கா, இருந்திருவியா?" என்று அம்மா கேட்டாள். தங்கை தலையாட்டினாள்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. பாதி நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளாம். அதற்குமேல் முடியாமல் ஜன்னலோரம் போய் நின்றிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் நல்லவர், "உக்காரு மோளே" என்று தோளில் கை வைத்திருக்கிறார். அந்தக் கையைக் கடித்துவிட்டாள். நான் ஓடிப்போனபோது அவர் விரலில் ரத்தம். இவள் சுவரோடு ஒட்டி நின்று, "அம்மைய விளி, அம்மைய விளி" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்தார்.

"இனி அனுப்பாண்டாம்."

"எம்பிள்ள கெட்டவ இல்ல சாரே. அவளுக்குப் பேடி. நான் அங்க இருந்தா ஒண்ணும் செய்யமாட்டா. நீங்களே பாத்தீங்கல்லா?"

அவர் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகும் தங்கை தினமும் விடியற்காலையில் குளித்து, தானே கோணல்மாணலாகச் சடை பின்னி, வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்ல மக்கா" என்பாள் அம்மா.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒருநாள் அவள் குளிக்கவில்லை, வாசலுக்கும் வரவில்லை. அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கிடந்தாள். அதுவரை கண்கலங்காத அம்மா, அன்றைக்குத்தான் அழுதாள்.