கறிக்கடை காதர் பாயும் நான் போட்ட படமும்

காதர் பாய் இறந்துவிட்டார்.

நேற்று மதியம் அவர் மகள் சபீனா போட்ட பதிவில் பார்த்தேன். அதற்குள் அடக்கமே முடிந்திருந்தது...

தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி விற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு இருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறி, அம்மா இவரிடம்தான் போவார். பக்கத்து புளோக்கிலேயே கிடைக்கிறதே என்றால், "அவங்க வெட்டுறதெல்லாம் கறியா?" என்பார்.

அம்மாவுக்கு அவர் தம்பி மாதிரி. எனக்கு சின்ன வயதிலிருந்தே "பாய்".

நாலு வருடம் முன்பு நான் கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டேன். முதலில் என் கொலஸ்ட்ரால். பிறகு, ஒரு கிலோ கறிக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீரும் நிலமும் போகிறது என்று படிக்கப் படிக்க, முழுமூச்சாக இறங்கிவிட்டேன். இந்த இணையப் பக்கத்தை ஆரம்பித்ததும் அதற்காகத்தான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காய் வாங்கப் போன என்னைப் பாய் கூப்பிட்டார்.

"என்னம்மா, கடைப்பக்கம் ஆளையே காணோம்?"

"இல்ல பாய்... நான் இப்ப பிளான்ட் பேஸ்ட்."

"பிளான்ட்டா? ஜூரோங்லயா? அவ்ளோ தூரம் எப்படிம்மா போயிட்டு வர்ற?"

நான் சிரித்துவிட்டேன். ஃபாக்டரி வேலை இல்லை, காய், கீரை, பருப்பு மட்டும் சாப்பிடுவது என்று விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லதுதான் லா. ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நான் செய்ததை இங்கேதான் சொல்ல வேண்டும். செய்ததும் இங்கேதான்.

காய்கறிப் பக்கம் நின்றபடி ஃபோனில் அவரைப் படம் எடுத்தேன். பின்னால் தொங்கும் தொடைகள், கையில் கத்தி, ஏப்ரனில் ரத்தம். அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

"பூமியை வெட்டும் கை இது" என்று எழுதிப் போட்டேன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் இங்கே வந்ததே அந்தப் பதிவால்தான்.

கமென்ட்டில் அவரை என்னென்னவோ திட்டினார்கள். ராட்சசன், கல்நெஞ்சக்காரன்... நான் எதையும் அழிக்கவில்லை. சிலதுக்கு லைக் கூடப் போட்டேன்.

மறுநாள் சபீனா மெசேஜ் அனுப்பினாள். அதற்கு முன் அவளை எனக்குத் தெரியாது.

"அக்கா, படத்துல இருக்கிறது எங்க வாப்பா. கஸ்டமர் ஒருத்தர் ஃபோன்ல காட்டியிருக்காரு. வீட்டுக்கு வந்து பேசாம உக்காந்திருக்காங்க. ப்ளீஸ், எடுத்துடுங்க."

'ஸாரி, யாரையும் பர்சனலா சொல்லல, அவேர்னஸுக்காகத்தான்' என்று பதில் போட்டேன். முகத்தை மட்டும் மறைத்தேன்.

பதிவை எடுக்க நாலு நாள் ஆனது. ஷேர் ஏறிக்கொண்டே இருந்தது, மனசு வரவில்லை. இதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் எதிரே வந்துவிட்டார். நான் திரும்புவதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, படம் எடுக்கறதா இருந்தா சொல்லக்கூடாதா? நல்ல சட்டையா போட்டுருப்பேன் லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்... நான் பார்க்கவில்லை.

மன்னிப்பு கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நானும் சிரித்துவைத்துவிட்டு, லேட் ஆயிடுச்சு பாய் என்று நடந்துவிட்டேன்.

அதன் பிறகு பின்பக்க வாசல் வழியாகத்தான் போவேன், வருவேன்.

பாய் இறந்ததை நேற்று அம்மாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

போன வருடம் அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறியதும் முதல் வேலையாக பாயிடம் போயிருக்கிறார்.

"ரெண்டு கிலோ கேட்டேன். அரைக் கிலோதான் வெட்டுனாரு. 'இனிமே மாசம் ஒரு வாட்டி வாங்கக்கா, போதும். அதுக்கு மேல கேட்டா தரமாட்டேன்'னாரு. அவரே கூட வந்து, கீரைக்காரர்கிட்ட 'அக்காவுக்கு நல்ல கட்டா பாத்துக் குடு'ன்னுட்டுப் போனாரு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு சொல்லித்தான் கொறச்சேன். நீ போட்ட சத்தத்துக்குன்னா நெனச்ச?"

அப்படித்தான் நினைத்தேன். 'அம்மாவையும் மாற்றிவிட்டேன்' என்று கீரைக் கூட்டும் சிவப்பரிசிச் சோறும் படம் போட்டு, இதே பக்கத்தில் எழுதினேன். எத்தனை பேர் வாழ்த்தினீர்கள்...

நான் இன்னும் கறி சாப்பிடுவதில்லை. சாப்பிடப் போவதும் இல்லை. நான் நம்புவது மாறவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்தவளும் நான்தான். அந்த நாலு நாளும் என்னுடையதுதான்.

இன்று காலை சபீனாவுக்கு எழுதினேன். நாலைந்து முறை அழித்து அழித்து, கடைசியில் ஒரே வரி. "நானும் அம்மாவும் வீட்டுக்கு வரலாமா?"

ஒரு மணி நேரம் பதில் இல்லை. வராது என்றே நினைத்தேன்.

பிறகு புக்கிட் பாஞ்சாங் வீட்டு புளோக் நம்பர் வந்தது. கீழே இது.

"நாளைக்கு வாப்பாவுக்கு மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதுறோம். வாங்கக்கா. கறிச்சோறு போடுவோம், உங்களுக்குத் தனியா மரக்கறி எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். நீங்க கறி தொடமாட்டீங்கன்னு வாப்பா சொல்லியிருக்காங்க."

பாய்... என்னை மன்னித்துவிடுங்கள்.